குழாய்களுக்குக் கம்பளி போர்த்தியவர்

ஆபத்து வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே அதை எதிர்கொண்டு அழைக்கப் போகிற மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அறிவீர்கள். வானம் நீலமாய்க் கிடக்கையில் குடையோடு வருவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை, உங்கள் குடை எங்கே என்றும் கேட்பார்கள். பலேர்மோவில், சீசாப் பகுதி மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில், இந்த இனத்தின் சிகரமான நகுலேஸ்வரன் குடியிருந்தார். அவருக்கு நேர் கீழே குடியிருக்க வேண்டுமென்பது பத்மநாதனின் தலையெழுத்து.

நகுலேஸ்வரன் இத்தாலிக்கு வருமுன் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தவர். அங்கே ஒரு பனிக்காலத்தில் சுவரோரக் குழாய் உறைந்து வெடித்து, அவருடைய உடுப்புப் பெட்டி மிதந்தது. முகாம்காரர் குழாயை அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். அவர் மனதில் மட்டும் அது வெடித்துக்கொண்டே இருந்தது.

பலேர்மோவில் தை மாதத்திலும் காயப்போட்ட சேட்டு மத்தியானத்துக்குள் உலர்ந்துவிடும். அதனால் என்ன? கார்த்திகை பிறந்ததும் அவர் பழைய ஸ்வெட்டர், சொக்ஸ், பொலித்தீன் பை, சணல் கயிறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல், பால்கனிக் குழாய்களுக்கெல்லாம் உடுப்புப் போடப் புறப்பட்டுவிடுவார். கீழ்த்தளத்துக் கிழவி சிஞ்ஞோரா குரோச்சிபீசா மட்டும் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து அவரை முற்றத்திலிருந்து துரத்தினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற, மற்ற நாளுக்கு மொட்டைமாடித் தொட்டியை நம்பியிருக்கிற ஊரில், இரவு முழுக்கக் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்கும்படி புத்தி சொல்கிறவரை வேறென்ன செய்வது? ஓடுகிற தண்ணீர் உறையாதாம். உண்மைதான். தீர்ந்துபோன தண்ணீரும் உறையாது.

பத்மநாதன் அவரோடு வாதாடுவதில்லை. இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராக்களின் வீடுகளில் நாள் முழுக்கத் தரை துடைத்துவிட்டு வருகிறவனுக்கு அதற்குத் தெம்பு ஏது? தலையாட்டினால் கெதியாய்ப் போய்விடுவார் என்று கண்டுபிடித்திருந்தான். அந்தத் தலையாட்டல்தான் வினையாயிற்று.

கலியாணமாகி நெடுங்காலம் காத்திருந்து, அவனுக்கும் மனைவி ஞானாம்பிகைக்கும் அந்த மார்கழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் சடங்கான முப்பத்தொண்டு. தாயும் பிள்ளையும் முழுகி, வீடு கழுவி, துடக்குக் கழித்து, கால்சா, அல்பெர்கேரியாப் பகுதிகளிலிருந்து வருகிற சனத்துக்குச் சோறு போட வேண்டும். முதல்நாள் பின்னேரம் அவன் சுவரில் கடுதாசிப் பூ ஒட்டிக்கொண்டிருக்கையில் நகுலேஸ்வரன் ஓவர்கோட்டும் மஃப்ளருமாய் வந்து நின்றார். ஊருக்குப் பின்னாலுள்ள மலையில் பனி கொட்டப்போகிறதென்று தொலைக்காட்சியில் சொன்னார்களாம். பத்மநாதனிடமிருக்கிற மொட்டைமாடிப் பூட்டின் திறப்புத் தேவையாம். பத்மநாதன் தலையாட்டினான். திறப்பையும் கொடுத்தான்.

மறுநாள் காலை ஞானாம்பிகை குளியலறைக் குழாயைத் திறந்தாள். அது ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

பத்மநாதன் மாடிக்கு ஓடினான். அங்கே அவனுடைய தொட்டியும் நகுலேஸ்வரனுடையதும் போர்வை போர்த்துப் படுத்திருக்க, வால்வுகள் பூட்டிக் கிடக்க, பக்கத்தில் நகுலேஸ்வரன் பிள்ளை பெற்ற தகப்பன் போல் பூரித்துப்போய் நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது.

“முழுக்க வடிச்சு விட்டிட்டன், தம்பி. தண்ணி இல்லாத குழாய் வெடிக்காது.”

தூக்கி எறிந்து பேசத்தான் பத்மநாதனுக்கு வாய் வந்தது. அந்தப் பூரிப்பைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“அண்ணை, இண்டைக்குத் தண்ணி வராது. பிள்ளையை எதிலை முழுக வாக்கிறது?”

நகுலேஸ்வரனின் முகம் வெளிறியது. எல்லா ஆபத்தையும் முன்கூட்டி யோசித்தவர், இந்த ஒன்றை யோசிக்கவில்லை. விறுவிறென்று படியிறங்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மற்றக் குடித்தனக்காரர் எல்லாம் தாய்வீடுகளுக்குப் போயிருந்தார்கள். அகப்பட்டது சிஞ்ஞோரா குரோச்சிபீசா ஒருத்திதான். அவர் நேரே போய் அவள் கதவைத் தட்டினார். தட்டியது யாரென்று யன்னலால் பார்த்துவிட்டு, அவள் தும்புத்தடியோடுதான் திறந்தாள்.

தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். கிழவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே கிழவியான தான், குழாய் வறண்டதைக் கண்டதுண்டே தவிர உறைந்ததைக் கண்டதில்லை என்றாள். பிறகு முற்றத்திலிருந்த தன் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, தன்னுடைய பெரிய சமையல் சட்டிகளையும் கொண்டுவந்து வைத்தாள்.

வாளி வாளியாகத் தண்ணீர் படியேறியது. விருந்துக்கு வந்த சனம் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கைமாற்றிக் கொடுத்தது. ஆனால் நகுலேஸ்வரன் சுமந்த அளவு யாரும் சுமக்கவில்லை. முதலில் மஃப்ளர் போயிற்று, பிறகு ஓவர்கோட்டு, கடைசியில் பெனியனோடு வியர்த்து ஊற்ற ஊற்ற ஏறினார். சுடுதண்ணீரில் தாய் முழுகினாள். பிள்ளை வீறிட்டு அழுது, பிறகு துவாய்க்குள் நித்திரையாயிற்று. சோறு பிந்தியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சிஞ்ஞோரா இரண்டாம் தரமும் பருப்புக் கேட்டு வாங்கினாள்.

பந்தியில் பத்மநாதன் நகுலேஸ்வரனுக்குப் பக்கத்தில் இருந்தான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தான். அவர் அப்பளத்தை நொறுக்கியபடி, நிதானமாகச் சொன்னார்:

“எண்டாலும் தம்பி, ஒரு குழாயும் வெடிக்கேல்லைத்தானே?”

ஞானாம்பிகை சிரித்த சிரிப்பில் குழந்தையைச் சிஞ்ஞோராவிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பத்மநாதனுக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. இப்படிப்பட்டவரைத் தோற்கடிக்க யாரால் முடியும்? ஆபத்து வந்தால் “சொன்னேனே” என்பார். வராவிட்டால் வராமல் செய்ததே தான்தான் என்பார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விமான நிலையத்தில், வரிசையில் பாதித் தூரம் போய்விட்ட உங்கள் மைத்துனனைக் கைதட்டிக் கூப்பிட்டு, “பாஸ்போட் எடுத்தனீங்களோ?” என்று மூன்றாம் முறை கேட்டு, அவன் அதைத் தேடப்போய்ப் பெட்டியெல்லாம் தரையில் கொட்டும்படி செய்தது யார்? பாஸ்போட் அவன் கையிலேயேதான் இருந்தது, இல்லையா?