ஓரத்தில் அண்ணன் பெயர்

"உன் காவல்காரன் என்னை உள்ளேயே விடமாட்டேங்கிறான்டா, சுருட்டை!"

பக்கத்து சீட்டுக்காரன் போட்ட சத்தத்தில் சுருட்டை கையிலிருந்த டீயில் பாதியை மேஜைக்குக் கொடுத்துவிட்டான்.

காவல்காரன் என்றால் ஆளில்லை. அவர்கள் இருந்தது பஸ் டிக்கெட் விற்கும் மென்பொருளை எழுதுகிற அலுவலகம். எழுதிய நிரலுக்கு அங்கே கோட் என்று பெயர்; அதைப் பொதுக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் கமிட் என்பார்கள். கமிட் பண்ணுகிற வாசலிலேயே உட்கார்ந்து, ஒழுங்காக எழுதாததைத் திருப்பி அனுப்பும் ஒரு சோதனையைப் பொருத்தச் சொல்லி மேனேஜரம்மா உத்தரவு போட்டிருந்தார். சுருட்டையும் பொருத்திவிட்டான். போடுவதுதான் போடுகிறோம், கண்டிப்பாகவே இருக்கட்டும் என்று கண்ணில் பட்ட விதிகளை எல்லாம் போட்டான். தலைமுடிதான் சுருட்டையே தவிர, கோட் எழுதினால் கோடு போட்டது மாதிரி இருக்க வேண்டும் அவனுக்கு.

"எந்த ஃபைல்ல நிக்குது?"

"கேன்சல் ஃபைல். நான் தொட்டது ஒரே ஒரு வரி. அது மொத்த ஃபைலையும் எடுத்து வெச்சுக்கிட்டுத் திட்டுது. ஒரே வேலையை மூணு இடத்துல பண்ணியிருக்காம், வேண்டாததெல்லாம் அப்படியே கிடக்காம். அண்ணனா இப்படி எழுதினாரு?"

"அவசரத்துல எழுதியிருப்பாரு. அவரைக் குறை சொல்ற அளவுக்கு வளர்ந்துட்டியா நீ?"

சுருட்டைக்கு முகம் சிவந்துவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்யும் அந்தக் கேன்சல் ஃபைல் அண்ணனுடையது. அண்ணன் போய் மூன்று மாதமாகிறது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே லிஃப்டில் ஏறினார். கதவு திறந்தபோது உள்ளே விழுந்து கிடந்தார். வயதில் மூத்த மேனேஜரம்மாவுக்கும் அவர் அண்ணன்தான். அவர் நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுக்க இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

சுருட்டைக்கு அவர் அதற்கும் மேலே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்சல் பகுதியை எழுதியவன் இவன்தான். டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கு எல்லாம் அது இன்னொரு டிக்கெட் கொடுத்தது. கோட் வரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஓரமாக, அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத் திரை காட்டும். அப்போதிருந்த மேனேஜர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்குவார். இன்னொரு தடவை இந்த ஃபைலில் தப்பு வந்தால் ஓரத்தில் இருக்கிற பெயர் வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லியும்விட்டார். மறுநாள் அண்ணன் வந்து தோளில் கை போட்டார். "நீ எழுதினதைத் தூக்கிப் போட்டுட்டு நானே புதுசா எழுதிட்டேன்டா தம்பி. போய் வேற வேலையப் பாரு" என்றார். அதற்கப்புறமும் கேன்சலில் அவ்வப்போது ஏதாவது வெடிக்கும். திட்டு அண்ணனுக்குப் போகும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

வெட்கத்தில் சுருட்டை அந்தப் பக்கமே போகாமல் இருந்தான். அவர் போன பிறகுதான் தினமும் காலையில் அந்த ஃபைலைத் திறக்கிறான். கோட் எதையும் படிப்பதில்லை. ஓரத்தை மட்டும் பார்ப்பான். மேலிருந்து கீழ்வரை அண்ணன் பெயர். வருகைப் பதிவு போட்டது மாதிரி மனசு கொஞ்சம் அடங்கும். அப்புறம்தான் அவனுக்கு வேலை ஓடும்.

அதனால் அண்ணன் ஃபைலை யாரும் திருத்தக்கூடாது, அவ்வளவுதான். கேன்சல் ஃபைலை மட்டும் சோதிக்காதே என்று காவல்காரனுக்குச் சொல்லிவைத்தான்.

இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. மூன்றாம் நாள் காலை ஓரத்தைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் பெயர்களுக்கு நடுவே பக்கத்து சீட்டுக்காரன் பெயர் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் கீழே இன்னொருவன். அதற்கும் கீழே ஒரு கூட்டமே இருந்தது. சீட் ஒதுக்கும் கோட், தள்ளுபடிக் கோட், டிரைவருக்கு லீவு போடும் கோட் எல்லாம் அங்கே வந்து படுத்திருந்தன.

"டிரைவர் லீவுக்கும் கேன்சலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"சம்பந்தம் எதுக்கு? அங்கதான் காவல் இல்லையே" என்றான் பக்கத்து சீட்டுக்காரன், சமோசாவைக் கடித்துக்கொண்டே.

சுருட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனையையும் அள்ளி வெளியே போட்டு, ஃபைலைப் பழையபடி ஆக்கி, யாரும் தொடவே முடியாதபடி பூட்டினான்.

அன்று மத்தியானமே டெஸ்டர் அக்கா வந்து நின்றார். மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அதில் அவருக்கு ஈவு இரக்கமே கிடையாது.

"ரத்து பண்ணின டிக்கெட்டை ரெண்டாவது தடவையும் ரத்து பண்ண முடியுது தம்பி. சரி பண்ணிக் குடுங்க."

"அது பூட்டியிருக்கே அக்கா."

"பூட்டினா தப்பு போயிடுமா?"

பூட்டை உடைக்கத் தெரியாதவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். ஒருவன் ஃபைலைப் பிரதி எடுத்து 'புதுக் கேன்சல்' என்று பெயர் வைத்துத் திருத்தினான். அதைப் பார்த்து இன்னொருவன் 'கடைசிக் கேன்சல்' என்று வைத்தான். மூன்றாமவன் 'நிஜமாகவே கடைசிக் கேன்சல்' என்றான். ஒரே கோட் எத்தனை இடத்தில்தான் இருக்கும் என்று காவல்காரனுக்கு வெறி பிடித்துவிட்டது. இனி யார் எதைக் கொண்டுவந்தாலும் உள்ளே விடுவதில்லை என்று வாசலை அடைத்துக்கொண்டது. மொத்த அலுவலகமும் சுருட்டையைத் திரும்பிப் பார்த்தது.

மேனேஜரம்மா நேராக அவன் மேஜைக்கே வந்தார்.

"நாளைக்குப் புது வெர்ஷன் போகணும். தானாத் திருத்துற வசதி உன் காவல்காரன்கிட்ட இருக்குல்ல? ஓட்டிவிடு."

"மேடம், அது அண்ணனோட…"

அவர் ஸ்வெட்டர் தொங்கிய நாற்காலியைப் பார்த்தார். "எனக்கும் அண்ணன்தான்ப்பா. ஆனா பஸ் ஓடணுமே."

பிரதிகளை எல்லாம் அழித்தான். பூட்டைத் திறந்தான். அங்கங்கே நாலு வரி மாறும், மீதியெல்லாம் அண்ணன் பெயரிலேயே இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

கண்ணைத் திறந்தபோது ஓரத்தில் அண்ணன் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று, பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று, போன வாரம் ஒரு விதி போட்டிருந்தான். காவல்காரன் அதைச் சிரமேற்கொண்டு எல்லா வரியையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தது. நகர்த்தச் சொன்னவன் சுருட்டை. அதனால் மேலிருந்து கீழ்வரை அவன் பெயர். பழைய சரித்திரத்தைத் தோண்டினால் அண்ணன் கிடைப்பார்தான். தினமும் காலையில் வந்து தோண்டிப் பார்க்கிற மனசு யாருக்கு இருக்கிறது? அவரை இரண்டாம் தடவை தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்தான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பும்போது ரிசப்ஷனில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய சாமான்களை வாங்கிப்போக வந்திருந்தார். ஸ்வெட்டர், கோப்பை, உடைந்த கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுச் சுருட்டையே கொண்டுவந்தான்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி. அண்ணன் பேர் இங்க மிச்சம் இருந்தது அந்தக் கேன்சல் ஃபைல்லதான். அதையும் இன்னைக்கு நான் அழிச்சுட்டேன். எல்லா வரியிலயும் இப்ப என் பேர்தான் இருக்கு."

அண்ணி ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்து மடித்தார். முகத்தில் கோபம் இல்லை.

"கேன்சல்னா, நீங்க புதுசா வந்தப்ப எழுதினீங்களே, அதுவா?"

"அதைத்தான் அண்ணன் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதினாரே, அண்ணி."

"அவர் எங்க தம்பி எழுதினாரு? ஒரே ஒரு வரியைத் திருத்திட்டு, மீதியெல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வெச்சேன், இனிமே திட்டு என் பேருக்கு வரும், அந்தப் புள்ள வேலையில இருக்கட்டும்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."