பெட்டிஷன் அக்கா கலைத்த சிரிப்பு

பெட்டிஷன் அக்காவைப் போலக் கோபப்பட உத்திரமேரூர் வட்டாரத்தில் இன்னொரு ஆள் பிறக்கவில்லை. எங்கள் நர்சிங் கல்லூரி விடுதியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். தென்னேரிக்காரி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மோர் தண்ணியாக இருந்தால் மனு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு. மனுவுக்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு மனு.

நான் முதலாண்டில் இருந்தபோது, வார்டில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கண் முன்னாலேயே இறந்துபோனார். மறுநாள் காலையில் டியூட்டி, மதியம் வகுப்பு, சாயங்காலம் டெஸ்ட். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரம் காலம் இல்லாமல் கண்ணீர் வந்தது. இரண்டு நாள் லீவு கேட்டேன்.

"அழற நர்ஸை எந்த பேஷண்ட்மா நம்புவான்?" என்றார் வார்டன்.

மனச்சோர்வின் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வைக்கும் கல்லூரி அது! ஒன்றை மறந்தால் இம்போசிஷன் வேறு.

அந்த வாரமே மனநல நாள் வந்தது. கொண்டாட வேண்டாமா? கொளுத்தும் வெயிலில், சிரிக்கும் முகத்தின் வடிவில் எங்களை மைதானத்தில் நிறுத்தினார்கள். மாடியிலிருந்து போட்டோ எடுப்பார்களாம். நான் வாயின் ஓரம். பெட்டிஷன் அக்கா இடது கண்ணின் கருவிழி.

"எல்லாரும் ஸ்மைல் பண்ணுங்க!" என்றார் பிரின்சிபால் மைக்கில்.

கருவிழி நடக்க ஆரம்பித்தது. நேராக அவர் முன்னால் போய் நின்றது.

"மேடம், வாய் ஓரத்துல நிக்கிறாளே, அவ மூணு நாளா துன்னல. அயுதுகினே கீறா. இன்னாத்துக்கு அவ சிரிக்கணும்?"

"முதல்ல உன் இடத்துக்குப் போ!"

"பேஷண்டுன்னா ஓடச் சொல்றீங்க. ஸ்டூடண்டுன்னா போட்டோதானா?"

கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வலது கண் உட்கார்ந்தது. பிறகு மூக்கு. "மேடம், மூஞ்சி கலையுது!" என்று மாடியிலிருந்து போட்டோக்காரர் அலறினார்.

எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. அக்காவுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். கேள்வி கேட்டவளுக்குத் தண்டனை, என்ன நியாயமோ! அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"எனுக்கும் லீவு உட்டுட்டாங்க. நட, உன்னோட வரேன்" என்று எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

போகும் வழியில் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர்தான் என்னை முதல்முறையாகப் பேசவிட்டுக் கேட்டவர். வெளியே அக்கா, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்குச் சாய்மானம் இல்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் கல்லூரியில் மனநல ஆலோசனை அறை திறந்தார்கள். பூட்டிச் சாவியை வார்டன் இடுப்பில் செருகிக்கொண்டார். அது வெளியே வர அக்கா மூன்று மனு எழுத வேண்டியிருந்தது.

அதெல்லாம் பிறகு. டாக்டரைப் பார்த்த அன்று, திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் படுத்தவள் அசந்து தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால், அக்கா பக்கத்தில் சம்மணமிட்டு, நான் முடிக்காத அனாட்டமி ரெக்கார்டில் இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

"நீ தூங்குடி," என்றாள் நிமிராமலே. "இன்னும் ரெண்டு வால்வு பாக்கி கீது."