புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்

பெங்களூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அகப்படுகிற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன்: சொல்திருத்திகள். "தீ, தீ!" என்று நீங்கள் அலறினால், பார்த்தது தீயா, வெறும் புகையா என்று முதலில் தெளிவுபடுத்தச் சொல்பவர்கள். கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். தொல்லையே அதுதான்.

விவேக் நகர் கிளிஃபர்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொம்மலூரில் ஒரு கேக் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் கம்பியிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை எண்ணாக மாற்றித் திரைக்கு அனுப்புகிற பெட்டிக்கு அனலாக் இன்புட் மாட்யூல் என்று பெயர். அதை யாராவது "டெம்பரேச்சர் டப்பா" என்று சொல்லிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி கேரல் "காபி சூடா இருக்கா?" என்றால், "எந்த ரேஞ்சுல கேக்குற?" என்பார். அவருக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று உண்டு: ரெசல்யூஷன் வேறு, அக்யூரசி வேறு. எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்பது ஒன்று. சொல்வது உண்மையா என்பது இன்னொன்று. நான் எளிதில் பாராட்டுகிறவன் அல்லன். ஆனால் இது நல்ல பாடம். தடித்தடியான தத்துவ நூல்கள் சில இந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

சென்ற ஜனவரியில், குழந்தை இயேசு திருவிழாவுக்கு இருநூறு கேக். ஆர்டர் கொடுத்தவர் கேரல். நான்கு மணிக்குள் கோயிலில் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு, ஓவன் பொறுப்பிலிருந்த ரத்தினம்மாள் கிளிஃபர்டின் மேசைக்கு ஓடிவந்தார்.

"சார், ஓவன் சூடு தப்பா காட்டுது. சொல்ப, கொஞ்சம் வந்து பாருங்க."

"சூடு இல்லம்மா, டெம்பரேச்சர். தப்புன்னா எப்படி? நாய்ஸா, டிரிஃப்டா, ஆஃப்செட்டா?"

"வாசனை தப்பு சார்."

"வாசனைன்னு ஒரு டெர்மே கிடையாது, ரத்தினம்மா."

"அது கேக்குக்குத் தெரியுமா சார்?"

கிளிஃபர்ட் தன் மேசையிலிருந்த திரையைக் காட்டினார். "பாருங்க. நூத்தி அறுபது புள்ளி ரெண்டு அஞ்சு. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு நம்பர் குடுக்குற மாட்யூல் பொய் சொல்லுமா?"

ஆம், அதே கிளிஃபர்ட்தான். அன்று காலையில்கூட அந்தப் பாடத்தை யாருக்கோ நடத்தியிருந்தார்.

ரத்தினம்மாள் போய் ஓவனை அணைத்துக் கதவைத் திறந்தார். சென்சார் கம்பி பாதி வெளியே நழுவி, வெளிக்காற்றையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது. அதனால் உள்ளிருந்த சூட்டைவிடக் குறைவாகவே கணக்கு வந்தது; திரையில் நூற்றறுபதைக் காட்டுவதற்காக ஓவன் விடாமல் எரிந்து தள்ளியிருந்தது. மேல்தட்டில் இருந்த இருபதும் கரி. மற்ற நூற்றெண்பதும் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்து தப்பின. கதவு திறக்கும்வரை திரை மட்டும் 160.25 என்றே சாதித்தது.

நான்கு மணிக்குக் கோயில் வாசலில் கேரல் எண்ணிப் பார்த்தார். "என்னங்க, இருபது குறையுது?"

"குறையுதுன்னு சொல்லாத. பத்து பர்சன்ட் கூடக் குறைய இருக்கலாம், அதுக்குப் பேரு டாலரன்ஸ்."

"சரி. உங்க கேக் துண்டும் அந்த டாலரன்ஸ்லயே போச்சு."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் மேலே நான் "மெல்லிய மின்சாரம்" என்று எழுதிய இடத்தில், "மில்லிவோல்ட் என்றல்லவா இருக்க வேண்டும்" என்று பென்சிலைத் தேடினீர்களே, அதை இப்போது கீழே வையுங்கள். உங்கள் சமையலறையிலிருந்து ஏதோ வாசனை வருகிறது.