கிழவன் தானாக நடந்தால் படம்

கிழவன் அசைய மாட்டேன் என்றான்.

திரையில் பனி. பனிக்கு நடுவே கம்பளிக் கோட்டும் தடியுமாக ஒரு கிழவன், பக்கத்தில் ஒரு ஆடு. கிழவன் மூச்சு விட்டான். மூக்கிலிருந்து புகை வந்தது. மறுபடி மூச்சு விட்டான், மறுபடி புகை. படம் ஆரம்பித்ததிலிருந்து கதாநாயகன் செய்த காரியம் இவ்வளவுதான். ஆடாவது நடுவில் ஒரு தரம் காதை ஆட்டிக் காட்டியது.

வலியசாலை சமூக மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கிழவனின் மூச்சைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பென்ஷன்காரர்கள். திருவனந்தபுரத்துத் திரைப்பட விழாவுக்கு வருஷா வருஷம் கழுத்தில் அட்டையும் தோளில் துணிப்பையுமாக வரிசையில் நின்று பழகினவர்கள். படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இவர்களுக்குச் சந்தேகம் வராது, மரியாதைதான் வரும்.

கடைசி வரிசையில், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நாகேஸ்வரனுக்குத்தான் சந்தேகம் வந்தது. வலியசாலை சினிமா வட்டத்தின் செயலாளர் அவர். இந்தப் படத்தைக் கொண்டுவந்து போட்டவரும் அவரே.

விஷயம் இதுதான். இது ஏதோ குளிர்தேசத்துப் படம். கடையிலும் கிடையாது, நெட்டிலும் கிடையாது. ஆனால் இதே கதையை வைத்து ஒரு வீடியோ கேம் பண்ணியவர்கள், அந்த கேம் டிஸ்க்கிலேயே படத்தையும் போனஸாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். டிஸ்க் கிரிஷிடம் இருந்தது. கிரிஷ், நாகேஸ்வரனின் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு அண்ணா பிள்ளை. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் உத்தியோகம்.

"ஒரே டிஸ்க், ரெண்டு சரக்கு, அத்திம்பேர்" என்று நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "சாதாரண பிளேயர்ல போட்டா படம் மட்டும் ஓடும். கேம் மெஷின்ல போட்டா ரெண்டு கட்டம் வரும். ஒண்ணு விளையாட, ஒண்ணு பார்க்க. பார்க்கறதை அமுக்குங்கோ, அவ்வளவுதான்."

வட்டத்தின் சாதாரண பிளேயர் போன மாசம் வாயை மூடியது, இன்னும் திறக்கவில்லை. ஆகவே கிரிஷின் கேம் மெஷினே வந்தது. ரெண்டு கட்டமும் வந்தது. ரெண்டிலும் அதே கிழவன், அதே ஆடு, கீழே அந்த ஊர் எழுத்து. நாகேஸ்வரன் பகவானை நினைத்துக்கொண்டு இடது பக்கத்தை அமுக்கினார். பகவானும் அந்தப் பாஷை படித்தவரில்லை போலிருக்கிறது.

சாதாரண நாளாக இருந்தால் "மன்னிக்கணும், தப்பா போட்டுட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போகலாம். இன்றைக்கு முடியாது. மண்டபத்தின் தலைவர் அனந்தநாராயணன், ஊருக்கு அனந்து, சாயங்காலம் வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டார்.

"எடோ நாகேஸ்வரா, போன தடவை பாதிப் படத்துல ஆள் எல்லாம் எழுந்து போயாச்சு. இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா அடுத்த மாசத்துலேருந்து ஹால் ஜும்பா டான்ஸ் கிளாஸுக்காக்கும். பத்மஜா டீச்சர் வரா. அவ நன்னாருக்குன்னு சொல்லட்டும், உனக்கே தரேன். கேட்டியா?"

பத்மஜா டீச்சர் காலேஜில் சினிமா பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவர் ஒரு படத்தைப் பற்றி நாலு வரி எழுதினால், பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். இப்போது முதல் வரிசையில், மோவாயில் கை வைத்து, கிழவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகேஸ்வரனுக்கு ஓய்வு பெற்ற பிறகு சட்டைக்கு இஸ்திரி போடும் நாள் என்று இருப்பதே இந்த ஒரு நாள்தான். அதுவும் போனால் சுப்புலக்ஷ்மி சொல்கிறபடி மொட்டைமாடியில் வடாமுக்குக் காக்காய் விரட்ட வேண்டியதுதான்.

மெல்ல எழுந்து வராந்தாவுக்குப் போய் போன் போட்டார்.

"கிரிஷ், எங்கேடா இருக்கே?"

"கழக்கூட்டத்துல பிளாக்ல மாட்டிண்டிருக்கேன், அத்திம்பேர். வண்டி நகரவே மாட்டேங்கறது."

"இங்கே கிழவன் நகர மாட்டேங்கறான்டா!"

"நகராம?"

"மூச்சு விடறான். அந்தப் படத்துல அப்படித்தானா?"

"படத்தை யார் பார்த்தா? நான் கேம் மட்டும்தான் ஆடியிருக்கேன். லட்சணம் ஒண்ணுதான், நன்னா கேட்டுக்கோங்கோ. யாரும் ஒண்ணையும் அமுக்காம கிழவன் தானா நடந்தா, படம். நாம அமுக்கினாத்தான் நடப்பான்னா, கேம்."

நாகேஸ்வரன் கதவிடுக்கு வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரமா இவாளுக்கெல்லாம் நான்…"

"கேமைப் போட்டுட்டு ஆடாம உட்கார்ந்திருக்கேள். கன்ட்ரோலரை எடுத்து கேமை விட்டு வெளியே வாங்கோ. வலது பக்கத்துப் பொத்தான்ல ஏதோ ஒண்ணு. இந்த ஸ்பெஷல் டிஸ்க்ல மாத்தி வெச்சிருக்கான், எனக்கே சரியா ஓர்மை இல்லை."

திரும்பி வந்தார். பொத்தானும் குமிழுமாக இருந்த கன்ட்ரோலரை மடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு, இருக்கட்டும் என்று ஒரு பொத்தானை அமுக்கினார்.

கிழவன் துள்ளிக் குதித்தான்.

கூட்டம் மொத்தமும் 'ஹா' என்றது. இவ்வளவு நேரம் நின்ற கிழவன் ஒரே ஒரு தரம் குதித்துவிட்டு மறுபடி நின்றுவிட்டான். பத்மஜா டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாகேஸ்வரன் பதறிப்போய் அடுத்த பொத்தானை அமுக்கினார். கிழவன் தடியை ஓங்கி ஆட்டின் முதுகில் ஒன்று வைத்தான்.

"எந்தா இது?" அனந்து திரும்பிப் பார்த்தார். "வாயில்லா ஜீவனை எதுக்கு அடிக்கறான்?"

"ஷ்ஷ்!" என்றார் டீச்சர். "ஆட்டையா அடிக்கறான்? தன்னையேன்னா அடிச்சுக்கறான்!"

அனந்து சட்டென்று தலையாட்டினார். தனக்கும் அதுதான் தோன்றியது என்பதுபோல இன்னும் ரெண்டு தரம் ஆட்டினார்.

நாகேஸ்வரன் மூன்றாவது பொத்தானை அமுக்கினார். திரை இருண்டு, நடுவில் மூன்று வரி எழுத்து வந்தது. இதில் ஏதோ ஒன்று 'வெளியே போ' என்றுதான் இருக்க வேண்டும். எது என்று யாரைக் கேட்பது?

"முதல் அத்தியாயம் முடிஞ்சது போல" என்றார் ஒருவர்.

"கவிதையாக்கும். மூணே வரி!" என்றார் இன்னொருவர்.

நாகேஸ்வரன் நடு வரியைத் தேர்ந்தெடுத்தார். அது 'முதலிலிருந்து தொடங்கு' என்பது உடனே தெரிந்துவிட்டது. பனி வந்தது. கிழவன் வந்தான். ஆடு வந்தது. கிழவன் மூச்சு விட்டான், புகை வந்தது.

"மறுபடி அதே இடம்!" பத்மஜா டீச்சரின் குரல் தழுதழுத்தது. "பார்த்தேளா? எங்கேயும் போகலை. நாமளும் அப்படித்தானே?"

மண்டபம் முழுக்கப் பெருமூச்சு. நாகேஸ்வரனுக்கு அழுகை வந்தது. ஒருத்தராவது எழுந்து கத்தினால் தேவலை. இவர்கள் என்னடா என்றால் ரசித்துத் தொலைக்கிறார்கள்! நாளைக்கு உண்மை தெரிந்தால் அவமானம் அவருக்கு மட்டுமா? டீச்சரை நடுச்சந்தியில் நிறுத்தின பாவமும் சேரும். எப்படியாவது நிஜப் படத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்செல்வி டீ கொண்டுவந்தாள். அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். மண்டபத்துச் சமையலறையும் டீயும் அவள் பொறுப்பு. இருட்டில் நாகேஸ்வரன் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஐயா, டீ" என்றாள்.

மனுஷன் தூக்கிவாரிப்போட எழுந்தார். டம்ளர் சாய்ந்தது. சீனி தூக்கலாகப் போட்ட டீ முழுசும் கன்ட்ரோலருக்கு அபிஷேகமாயிற்று. அதில் மினுங்கிக்கொண்டிருந்த சின்ன விளக்கு படக்கென்று அணைந்தது.

"யாத்தே! சுட்டிருச்சா, ஐயா?"

"மெதுவா பேசு! அதோட உயிர் போயிடுத்து." அனந்து திரும்புவதற்குள் ஒளித்தாக வேண்டும். "இதை உள்ளே எடுத்துண்டு போ. யார் கண்ணுலயும் படப்படாது. போ, போ!"

பொன்செல்வி அதைச் சொட்டச் சொட்ட முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நாகேஸ்வரன் மறுபடி வராந்தாவுக்கு ஓடினார்.

"கிரிஷ், கன்ட்ரோலர் செத்துப்போச்சுடா."

"செத்துப்போச்சா? அது என்னோடது, அத்திம்பேர்!"

"எல்லாம் அப்புறம் அழலாம். இப்போ என்ன பண்றது? சொல்லு!"

கிரிஷ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தினான். "மெஷின் என் அக்கவுண்ட்லதானே இருக்கு? நெட் இருந்தா என் போன்லேருந்தே மாத்தலாம். நீங்க ஒண்ணையும் தொடாதீங்கோ. போய் உட்காருங்கோ. நான் இங்கேருந்து படத்தை…"

லைன் கட்டானது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை.

நாகேஸ்வரன் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். திரையில் கிழவன் நின்றான். எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு மனுஷன் எழுந்திருக்கிறாரோ? இன்னொருவரும் பையை எடுக்கிற மாதிரி இருந்தது. அனந்து கழுத்தைத் திருப்பி நாகேஸ்வரனைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். ஜும்பா, ஜும்பா என்றது அந்தப் புருவம்.

கிழவன் மெல்லத் திரும்பினான்.

நாகேஸ்வரன் தம் கையைப் பார்த்தார். காலியான கை. யாரும் ஒன்றையும் அமுக்கவில்லை. கிழவன் தானாக இடது பக்கம் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. நடந்தே விட்டான்!

'என் அப்பனே! கிரிஷ், நீ நன்னா இருக்கணும்டா!'

எழுந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்தார். என்ன படம், என்ன படம்! கிழவன் ஆட்டைச் சுற்றி வந்தான். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, நிற்காமல் சுற்றினான். சட்டென்று நின்றான். வானத்தை அண்ணாந்து பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு குனிந்து மண்ணைப் பார்த்தான். மறுபடி வானம், மறுபடி மண். திடீரென்று வெறி பிடித்தாற்போலப் பாறையை நோக்கி ஓடினான், பாறையில் முட்டினான், முட்டியும் நிற்காமல் அதே பாறையில் நடந்துகொண்டே இருந்தான். பாறை நகரவில்லை. அவனும் விடவில்லை.

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்புறம் அவன் குதித்தான். சின்னச் சின்னதாக, விடாமல், குழந்தை மாதிரிக் குதித்தான். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். விட்டான். மறுபடி கட்டிக்கொண்டான். கடைசியில் ஆட்டை விட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து நடந்து மலை விளிம்புக்குப் போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே விழுந்தான். ஆடு மட்டும் நின்றது. காதை ஆட்டியது. திரை இருண்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கைப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. நாகேஸ்வரன் தாமும் தட்டினார். படம் முழுக்கப் பயத்திலேயே போயிருந்தும், அந்தப் பாறையில் முட்டின இடத்தில் அவருக்கே நெஞ்சு கனத்துப்போனது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தாம் முட்டிக்கொண்டிருப்பதும் அப்படி ஒரு பாறையில்தானே என்று தோன்றியது.

பத்மஜா டீச்சர் எழுந்து கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"எத்தனை கொல்லமா, எத்தனை வருஷமா படம் பார்க்கறேன். இப்படி ஒண்ணு கண்டதில்லை. ஒவ்வொரு டைரக்டரும் நமக்கு எதையாவது புரிய வைக்கணும்னு கெடந்து தவிப்பான். இந்த ஆளுக்கு அந்த ஆசையே இல்லை. இந்தக் கை எதையும் உத்தேசிச்சுப் பண்ணலை. அதான் ஞானம்! வர்ற ஞாயித்துக்கிழமை இதைப் பத்தித்தான் எழுதப்போறேன். இந்தச் சினிமா வட்டம் இந்த மண்டபத்தை விட்டு எங்கேயும் போகப்படாது. என்ன அனந்து?"

"ஐயய்யோ, யார் போகச் சொன்னா?" அனந்து எழுந்து நின்றே விட்டார். "ஜும்பாக்காராளை நாளைக்கே வேற இடம் பார்த்துக்கச் சொல்றேன், டீச்சர். அந்தப் பாறை சீன் ஒண்ணு போருமே. நான் கரைஞ்சு போயிட்டேன், கேட்டேளா?"

நாகேஸ்வரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மண்டபம் பிழைத்தது, மானம் பிழைத்தது, போனஸ் வீடியோ வாழ்க! கிரிஷுக்கு ஒன்றல்ல, ரெண்டு கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

போன் அடித்தது. கிரிஷ்தான்.

"அத்திம்பேர், ரொம்ப ஸாரி. போன்ல சார்ஜ் போயிடுத்து, இப்பத்தான் கார்ல சொருகினேன். ஒண்ணுமே பண்ண முடியலை. என்ன ஆச்சு? எல்லாரும் எழுந்து போயிட்டாளா?"

நாகேஸ்வரன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பத்மஜா டீச்சர் அவர் தோளைத் தொட்டார்.

"சாரே, ஒண்ணு கேட்க மறந்துட்டேன். பேப்பர்ல பேர் போடணுமே. யாராக்கும் இந்தப் படத்தோட டைரக்டர்?"

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் ஈரத்துணியும் மறு கையில் மறுபடி விளக்கு மினுங்கும் கன்ட்ரோலருமாகப் பொன்செல்வி வந்தாள்.

"ஐயா, நானும் அப்பயிலேருந்து இதைத் தேய் தேயின்னு தேய்ச்சுக்கிட்டேதான் இருக்கேன், இந்தப் பொத்தான் இடுக்குல சீனிப் பிசுக்கு போவ மாட்டேங்கு, இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டுமா?"