சின்னப் பாவங்களை விட்டுவிடுங்கள்

தீவில் பிறந்தவனுக்குக் கடல் தெரியும் என்று நம்பாத சுவிஸ்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானோ வவுனியாக்காரன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு காடே இருந்தது. (குளத்தில் மீன் பிடித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

தொண்ணூறுகளில், பிரெஞ்சு பேசும் சுவிஸ் ஏரிக்கரை நகரான லோசானில், ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு வேலை. ஏரியில் மீன்பிடிப்பவர்களும் எங்கள் பங்குக் கோவில்காரர்களும் சேர்ந்து மன்னாரில் ஒரு மீனவர் சங்கத்துக்கு உதவ யோசித்தார்கள். குஞ்சு மீன் தப்பிப்போகும்படி கண் பெரிதான வலைகள் கொடுப்பது. கடலில் மீனும் வற்றாது, தொழிலும் நிலைக்கும். என் மனைவி ஜெசிந்தாவின் தம்பியும் அந்தச் சங்கத்தில் இருந்தான். கூட்டத்தில் விளக்கிப் பேச ஓர் ஆள் தேவை என்றதும் கையைத் தூக்கிவிட்டேன்.

"உங்களுக்கு அவ்வளவு பிரெஞ்சு வருமோ?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஓமப்பா, முழு நாளும் அதுதானே கதைக்கிறன்!" (உருளைக்கிழங்கு உரிக்கும் பிரெஞ்சு.)

பிரெஞ்சில் மீன்பிடிக்கு 'பெஷ்'. வாலை நீட்டி 'பெஷே' என்றால் பாவம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீட்டினால் மரியாதை என்று நினைத்து, தொழிலுக்கும் பிடிபடும் மீனுக்கும் அதையே பாவித்தேன்.

"மன்னாரில் எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் பாவத்தால்தான் வாழ்கிறது," என்று முழங்கினேன். முன்வரிசையில் பாதிரியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆண்கள் கொண்டுவரும் பாவத்தைப் பெண்கள் சந்தையில் விற்பார்கள்!"

கைக்குட்டைகள் வெளியே வந்தன. அழுகிறார்கள் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

"சின்னப் பாவங்களை விட்டுவிடுங்கள். பெரியதை மட்டும் பிடியுங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பாவமே மிஞ்சாது!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஜெசிந்தா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, உந்தச் சொல்லு பூசையில பாவத்துக்கெல்லோ சொல்லுறவை!"

மைத்துனனின் வலை என் வாயாலேயே அறுந்தது என்று நினைத்தேன்.

அப்போது ஏரி மீனவர்களின் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, இந்த ஏரியில் நாங்களும் அப்படித்தான் வாழ்கிறோம். வலைகளை அனுப்புவோம்," என்றார். கைகள் எல்லாம் உயர்ந்தன. வலைகளும் போய்ச் சேர்ந்தன. பாதிரியார் மட்டும் வாசலில் என் தோளைத் தட்டி, "பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்ல வரும்போது பெரியவற்றை மட்டும் கொண்டுவாருங்கள்," என்றார்.

போன வருடம் மகள் என் காரைத் தூணில் இடித்துவிட்டு வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் சொன்னாள்: "அப்பா, இது சின்னது. விட்டிடுங்கோ."

கதவு முழுவதும் நசுங்கியிருந்தது. விட்டுவிட்டேன்.