டைல்ஸுக்கு அடியில் என்ன?

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா, நான், பாதி கட்டிய வீடு மூவரும் சௌக்கியம். உன் வீட்டிலும் ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

மாடிக் குளியலறைக்கு என்ன நிற டைல்ஸ் என்று கேட்டிருந்தாய். நான் இன்னும் டைல்ஸுக்குக் கீழேதான் இருக்கிறேன். மாடித் தளம் மரப்பலகை அல்லவா, அதற்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு அடுக்கு போட வேண்டுமாம், அது சரியில்லாவிட்டால் தண்ணீர் இறங்கி டைல்ஸ் பெயருமாம், முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்றே மாதமான உன் அக்கா அதில் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? தச்சர், "பிளைவுட் போடுங்க சார், கண்ண மூடிக்கிட்டுக் குளிக்கலாம்" என்றார். டைல்ஸ்காரரோ, "கண்ணத் தொறந்தா கீழ் ரூம்ல இருப்பீங்க. சிமெண்ட் பலகைதான்!" என்றார்.

முப்பது வருஷம் தபால் பிரித்தவனுக்கு இது புது உலகம். ஆவல் தாங்காமல் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி, உன் அக்கா துணி ஊறவைக்கும் வாளியில் போட்டு, காலையும் மாலையும் ஸ்கேலால் அளந்து பார்த்தேன். நான்காம் நாள் பிளைவுட் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. சிமெண்ட் பலகை அசையவில்லை. தச்சர் எட்டிப் பார்த்து, "இது நான் சொன்ன பிளைவுட்டே இல்ல" என்று நழுவிவிட்டார்.

டைல்ஸ்காரர் சிமெண்ட் பலகைகளைத் திருகாணி போட்டு முடுக்கி, நீர் புகாத பூச்சும் பூசி முடித்ததும், உன் அக்கா ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றாள். நான் ஒரு பக்கமும் டைல்ஸ்காரர் மறுபக்கமும் கை காட்டினோம். அவளே ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்தாள். அது சற்றே யோசித்து, வடிகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேராகப் படுக்கையறைக்குள் போய்விட்டது. டைல்ஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போது எல்லாவற்றையும் கழற்றி, சரிவு கொடுத்து மறுபடி போடுகிறார். தச்சர் பக்கத்தில் நின்று மட்டம் பார்க்கிறார், முகத்தில் அப்படியொரு திருப்தி!

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் உன் அக்கா படித்தாள். "இந்தக் காலோட தினம் படியேற என்னால ஆகாது. குளியலறை கீழயே இருக்கட்டும். மேல அந்த ரூம்ல, ஜன்னல் வெளிச்சத்துல நீங்க உட்கார்ந்து படிங்க" என்கிறாள். அப்படியானால் தரைக்கு என்ன போடுவது என்று கேட்டேன். "ஒரு பாய் போதும்" என்றாள்.