சித்தப்பா போர்த்திய துண்டு

ஆராய்ச்சி செய்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் வெள்ளைத் துணி தங்காது. செந்துறையில் எங்கள் வீட்டில் தங்கவில்லை.

பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருடம் நான் எடுத்துக்கொண்ட புராஜெக்ட் அப்படி. பழைய பருத்தித் துணியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துச் சுட்டால், துணி துணியாகவே கரியாகிவிடும். அதைக் கம்பியில் கட்டிச் சாணிக் கரைசலில் இறக்கினால் அதுதான் எலக்ட்ரோடு. சாணியில் இருக்கிற நுண்ணுயிர்கள் தருகிற மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும். குட்டி பல்பு எரியும். (எரிய வேண்டும்.) பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் எந்தத் துணியைக் கண்டாலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். சாம்பலானால் பருத்தி, உருண்டு மணியானால் பாலியஸ்டர். அப்பாவின் வேட்டி ஒன்றுக்கும் ஓரம் ஒழுங்காக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்த்துப் பேசி முடிக்க ஜெயங்கொண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காதடா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தீப்பெட்டியைத்தான் திறந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஜவுளிக்கடைக்காரர். அப்பாவுக்கு ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, "நம்ம கடைச் சரக்குண்ணே, நூத்துக்கு நூறு பருத்தி" என்றார். என் கண்ணுக்கு அது துண்டாகத் தெரியவில்லை. நாலு எலக்ட்ரோடாகத் தெரிந்தது. அப்பாவின் தோளிலிருந்தே ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். கறுகறுவென்று உருண்டது.

"பாலியஸ்டருங்க." அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நானே பொசுங்கியிருக்க வேண்டும். சித்தப்பா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க, அந்தத் தீப்பெட்டியக் குடுங்க தம்பி" என்று தன் வேட்டியிலேயே ஒரு நூலை உருவினார். மணி. மாப்பிள்ளையின் சட்டை, அதுவும் மணி. "என்னது அசல் பருத்திங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை நீட்டினார். பெரிய மணி. கொஞ்ச நேரத்தில் தாம்பூலத் தட்டு முழுக்கத் தீக்குச்சி. பெண்ணைப் பார்க்க வந்ததையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள். சூடான பாத்திரம் இறக்குகிற கரித்துணியைத் தட்டில் எறிந்தாள். "இந்தாங்க, இதையும் கொளுத்துங்க!"

மாப்பிள்ளையே நூலை உருவிக் கொளுத்தினார். பூவாகச் சாம்பல் உதிர்ந்தது. "இதாங்க பருத்தி" என்றார். பார்த்தது சாம்பலை அல்ல, அக்காவை.

"நல்ல சரக்கு பொண்ணு வூட்டுலதான் இருக்கு. பேசி முடிச்சிருவோம் சம்பந்தி" என்றார் சித்தப்பா.

பல்பு எரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அக்கா கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சித்தப்பா கடையிலிருந்து எனக்கு வேட்டி சட்டை வருகிறது. வேட்டியில் ஒரு நூல் உருவியிருக்கும். அதன் சாம்பல் காகிதத்தில் மடித்து மேலே வைத்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால் நானே பார்த்துக்கொள்ள, கூடவே ஒரு தீப்பெட்டி.